பூஜையில் வைத்த சோப்பு டப்பா

ஆயுத பூஜை விடுமுறை அன்று காலையிலிருந்து தாரணியின் போன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதை நினைத்து அவள் நிம்மதியாக இருந்தாள் பாருங்கள், அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது! பொம்மசந்திராவில் அவள் வேலை பார்க்கிற மருந்து குடோனில் ஒரு கேமரா நின்றாலும் அந்த போன் கத்தும். பில் போடுகிற கம்ப்யூட்டர் படுத்தாலும் கத்தும். குளிர் அறையில் ஒரு டிகிரி ஏறினால் கேட்கவே வேண்டாம். அதைக் கத்த வைத்தவளே அவள்தான்.

அவளும் சும்மா பொழுது போகாமல் அதைச் செய்யவில்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், குளிர் அறையில் இருந்த இன்சுலின் அத்தனையும் வீணாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. மேனேஜர் ராகேஷ் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, "நெட்வொர்க் பார்த்துக்க ஒரு ஆள் போட்டிருக்கோம், அந்த ஆளுக்கே ஒண்ணும் தெரியல" என்றார். வாணியம்பாடியிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து அப்போது மூன்றே மாதம். அன்றைக்கு அவள் வயிற்றில் புகுந்த பயம் அப்புறம் வெளியே போகவே இல்லை.

அந்தப் பயத்தில்தான் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். ஒரே பலகை, அதில்தான் எல்லாமே. நகத்தளவு மெமரி கார்டில் சிஸ்டத்தை ஏற்றி, அதற்கென்று மாறாத முகவரி ஒன்று கொடுத்து, நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற மென்பொருளைப் போட்டு, மூன்று நாள் மல்லுக்கட்டிச் சர்வராக மாற்றினாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை அது குடோனில் இருக்கிற ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டு, "இருக்கியா?" என்று கேட்கும். பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்பு, உடனே தாரணியின் போனில் அலறல். வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதைப் போட்டு அலமாரி மேல் வைத்தபோது, ஸ்டோர் பொறுப்பாளர் பவுலின் எட்டிப் பார்த்து, "இன்னாமா இது, சோப்பு டப்பாவா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

பவுலினுக்கு ஐம்பத்தொரு வயது. ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். இருபது வருஷமாக அந்தக் குளிர் அறையின் சாவி அவரிடம்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் தாரணி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் தன் டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளிவிடுகிற மனுஷி.

சோப்பு டப்பாவோடு விட்டிருந்தால் சரி. ஜோராக ஓடுகிறதே என்று தாரணிக்குக் கை துறுதுறுத்தது. குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்குச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அமுக்கினால் வெளியே சுவரில் இருக்கும் மணி, பள்ளிக்கூட மணி மாதிரி, தெருமுனை வரைக்கும் கேட்கும். தாரணி அந்த மணியைக் கழற்றினாள். பொத்தானுக்குப் பின்னால் சின்னக் கருவி ஒன்றை மாட்டி, அதையும் சோப்பு டப்பாவோடு சேர்த்தாள்.

"மணி அடிச்சா குடோன்ல ஆள் இருந்தாத்தானே ஆன்ட்டி கேக்கும்? இப்ப நான் எங்க இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

"மணி அடிச்சா செவுடனுக்கும் கேக்கும்மா. உன் டப்பா தூங்கிட்டா?"

"தூங்காது. அப்படியே தூங்கினாலும் பொத்தான்ல இருக்கிற கருவி ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோட சேர்த்து வச்சுக்கும். டப்பா முழிச்சதும் வரிசையா அனுப்பிடும். ஒண்ணுகூடத் தொலையாது."

"அர்ரே, தொலைஞ்சு போறது நானு. சேதி பத்திரமா இருந்து இன்னாமா பண்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். கழற்றிய மணியைத் தன் மேசையின் கீழ் டிராயரில் போட்டு மூடினாள். மணி இப்போது சோப்பு டப்பா வழியாகத்தான் போகிறது என்று ராகேஷிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் குடோனில் பூஜை. காலையிலிருந்து கழுவித் துடைத்து, தள்ளுவண்டிக்குக்கூடப் பட்டை போட்டுப் பொட்டு வைத்தார்கள். மேசை மேல் சாமி படத்தை வைத்து, ஒவ்வொரு செக்‌ஷனும் தன் ஆயுதத்தைக் கொண்டுவந்து வைத்தது. பேக்கிங்கிலிருந்து கத்தரியும் டேப் கட்டரும், பில்லிங்கிலிருந்து கால்குலேட்டர், எலக்ட்ரீஷியனின் டெஸ்டரும் ஸ்க்ரூடிரைவரும்.

"தாரணி, ஐடி செக்‌ஷன்லேந்து ஏனு இடுத்தீயா, என்ன வைக்கிறே? ஒண்ணும் வைக்கலையா?" என்று ராகேஷ் கேட்டார். வேட்டியில் அன்றைக்கு அவர் முகம் சாந்தமாக இருந்தது. "உன் சோப்பு டப்பாவை வை. அதுதானே நம்ம எல்லாத்தையும் காப்பாத்துது."

மே மாதம் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிய மனுஷன் வாயால் இந்த வார்த்தை! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முறையாக நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, டப்பாவைக் கொண்டுபோய்ப் படத்துக்கு நேர் முன்னால் வைத்தாள். ராகேஷே அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு துண்டு மல்லிகையும் சுற்றினார். கற்பூரம் காட்டி முடிந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"பேடா, பேடா, எடுக்காதே. பூஜையில வச்சதை நாளன்னிக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும். ஒரு நாள் அதுக்கும் ரெஸ்ட் குடும்மா."

அவள் வீட்டிலும் அப்படித்தான். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரைக்கும் தொட மாட்டார்கள். அவள் தயங்கியது ஒரு நொடிதான். சூடு ஏறினால் கத்துவதற்கு, மே மாதத்துக்குப் பிறகு குளிர் அறைக்குத் தனி சைரன் போட்டாகிவிட்டது, ஜெனரேட்டரையும் மாற்றியாகிவிட்டது. சிவப்புப் பொத்தான்? அதுவும் ஞாபகம் வந்தது. லீவு நாளில் யார் உள்ளே போகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு சந்தாபுராவில் இருக்கிற தன் அறைக்குப் போய்விட்டாள்.

யார் போகப் போகிறார்களா? பவுலின் போவார். உங்கள் பண்டிகைக்கு அவசர ஆர்டர் வந்தால் நான் வருகிறேன், என் கிறிஸ்துமஸுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்பது அந்தக் குடோனில் இருபது வருஷ ஒப்பந்தம். எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த தாரணிக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

லீவு நாள் மத்தியானம் ஒன்று ஐந்துக்கு, ஸ்கூட்டரைக் கழுவி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, குளித்து வந்து போனை எடுத்தாள். வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு செய்தி.

பத்து இருபதுக்குப் பவுலின் எழுதியிருந்தார்: "ஆஸ்பத்திரி அவசர ஆர்டர். பஸ்ல வந்துட்டே இருக்கேன், நான் எடுத்துக் கொடுத்துடறேன். நீங்க எல்லாரும் பொரி சாப்பிடுங்க."

பதினொன்று ஐந்துக்கு ஆட்டோ டிரைவர் க்ளென்: "குடோன் வந்தேன். ஷட்டர் பாதி திறந்திருக்கு, ஆன்ட்டி இல்ல. கத்திப் பார்த்தேன். டீக்குப் போயிருப்பாங்க போல. அத்திப்பள்ளி ட்ரிப் இருக்கு, அப்புறம் வரேன்."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

தாரணி பவுலினுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். அதே குரல், அதே வார்த்தை. அந்தக் குளிர் அறைக்குள் எந்த போனுக்கும் சிக்னல் கிடையாது, நாலு பக்கமும் தகடு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கதவை உள்ளிருந்து திறக்கிற குமிழ் பத்து நாளாக இறுகிக் கிடந்தது. மெக்கானிக் பண்டிகை முடிந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அதுவரைக்கும் உள்ளே போகிறவர்கள் கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போனார்கள். அந்தக் கட்டை எங்கே? நேற்றுக் கழுவித் துடைத்தபோது, "இந்த அழுக்கெல்லாம் எதுக்கு" என்று யாரோ குப்பையோடு அள்ளிக்கொண்டு போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

க்ளெனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை, வண்டியில் இருப்பான். ராகேஷுக்கு அடித்தாள். அவர் ஹாசனில் மாமனார் வீட்டில் இருந்தார். பின்னால் ஒரே சிரிப்பும் பாத்திரச் சத்தமும்.

"சார், பவுலின் ஆன்ட்டி குளிர் அறைக்குள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன் சார்."

"ஏய், பயப்படாதே. மாட்டியிருந்தா பெல் அடிச்சிருப்பாங்கல்ல?"

"நான் போறேன் சார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

சந்தாபுராவிலிருந்து குடோனுக்கு ஏழு கிலோமீட்டர். வழியெல்லாம் கடைக்குக் கடை வாழைக்கன்று, சாலை நடுவில் குங்குமம் பூசி உடைத்த பூசணிக்காய்கள். முதல் திருப்பத்திலேயே அதில் ஒன்று டயருக்கு அடியில் வழுக்கி, ஸ்கூட்டர் ஒரு பக்கமாகச் சரிந்தது. முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. யாரோ, "நோட்கொண்டு ஹோகம்மா, பார்த்துப் போ!" என்று கத்தினார்கள். எழுந்து மறுபடி கிளம்பினாள். ஹேண்டிலில் கட்டியிருந்த மாலை காற்றில் அடித்து அடித்து முகத்தில் விழுந்தது. அதைப் பிய்த்தெறியக்கூட அவள் வண்டியை நிறுத்தவில்லை.

பத்தே முக்காலுக்கு உள்ளே போயிருந்தால் இப்போது எத்தனை மணி நேரம்? இரண்டரை. நாலு டிகிரி. மேலே இரண்டு ஃபேன் ஓயாமல் குளிர்க்காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். ஜெர்க்கின் வெளியே ஆணியில் தொங்கும். ஒரு நிமிஷ வேலைக்குப் பவுலின் அதைப் போட மாட்டார், "போட்டுக் கழட்டறதுக்குள்ள மருந்தை எடுத்துடுவேன்" என்பார். சர்க்கரை வேறு அவருக்கு. கடவுளே, கடவுளே, டீக்குத்தான் போயிருக்க வேண்டும், எங்காவது உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதை வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள்.

அந்தத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாக் கம்பெனிக் கேட்டிலும் மாவிலைத் தோரணமும் பூட்டும். குடோன் ஷட்டர் க்ளென் சொன்ன மாதிரியே பாதி ஏறியிருந்தது. உள்ளே குனிந்து நுழைந்தாள். தரையில் மஞ்சள் கோடு. மருந்து குடோனில் டிரைவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். க்ளென் இங்கே நின்றுதான் கத்தியிருப்பான். கோட்டிலிருந்து குளிர் அறைக் கதவு இருபது அடி. அதற்குப் பக்கத்துச் சுவரில் மணி இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை.

பவுலினின் கைப்பை மேசை மேல் இருந்தது. ஜெர்க்கின் ஆணியில் தொங்கியது. கதவின் கீழே, கட்டைக்குப் பதிலாக வைத்த அட்டைப்பெட்டி ஒன்று நசுங்கி வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தது.

"ஆன்ட்டி!"

பதில் இல்லை. கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளே இருட்டில்லை, பளீரென்று வெளிச்சம். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பொத்தானுக்கு நேர் கீழே, அட்டைகளையும் தெர்மாகோல் மூடிகளையும் மேலே அடுக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒரு குவியல். அதிலிருந்து ஒரு கை மட்டும் பொத்தானைப் பார்த்து உயர்ந்தபடி இருந்தது. விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன.

தாரணி அலறினாள். குவியல் அசைந்தது.

"ஜல்... ஜல்தி வர மாட்டியாமா..." என்றது பவுலினின் குரல், வேறு யாருடைய குரலோ போல.

எப்படி வெளியே இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசல் வெயிலில் கிடத்தி, ஜெர்க்கினைப் போர்த்தி, பேக்கிங் சாக்கையெல்லாம் மேலே போட்டு, அந்த ஐஸ் கைகளைத் தன் கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். "நான்தான் ஆன்ட்டி. டப்பாவைப் பூஜையில வச்சுட்டேன். ஒயரைப் பிடுங்கினது நான்தான். மணி எங்கயும் போகல ஆன்ட்டி, நீங்க அமுக்கினது யாருக்குமே கேக்கல." ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் பவுலின் பல் கிட்டித்த வாயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உடம்புச் சூடு முப்பத்திரண்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது என்றார்கள். சூடான போர்வை, சூடான சலைன். சாயங்காலம் ராகேஷ் ஹாசனிலிருந்து வந்து சேர்ந்தபோது பவுலினுக்குப் பேச்சு வந்திருந்தது. தாரணி கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லப் போகிறார், வேலை போகும், போகட்டும், போலீஸ்கூட வரலாம், வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் பவுலின். "என் தப்பு, அட்டைப்பெட்டியை முட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டே தடவைதான் பொத்தானை அமுக்கினேன், பொண்ணு பறந்து வந்துட்டா."

ராகேஷ் திரும்பித் தாரணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் வாயைத் திறந்தாள். பவுலின் போர்வைக்குள்ளிருந்து கண்ணை உருட்டி, வாயை மூடு என்று ஜாடை காட்டினார்.

அன்றிரவு தாரணி ஒரு பொட்டுத் தூங்கவில்லை. அந்த நீலக் கை அவளை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் புனர்பூஜை முடிந்து ஆளுக்கு ஆள் தங்கள் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ராகேஷ் சோப்பு டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து, காய்ந்த மல்லிகையோடு தாரணியிடம் கொடுத்தார். "முதல்ல இதை ஆன் பண்ணு. இதைப் பூஜையில வச்ச புண்ணியம்தான் நம்ம பவுலின் உயிரைக் காப்பாத்துச்சு."

அவள் ஒயரைச் செருகினாள். பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின: ரௌட்டர், கேமரா, பில் கம்ப்யூட்டர், குளிர் அறை. கடைசியாகப் பொத்தான்.

அவள் போன் அலறியது.

"குளிர் அறை. உள்ளே ஆள் இருக்கிறார். நேற்று காலை 10:48."

நிறுத்தினாள். மறுபடி அலறியது. 10:48. மறுபடி. 10:49. 10:49. 10:50. வரிசையாக, ஒன்றுகூடத் தொலையாமல், அவள் பீற்றிக்கொண்ட மாதிரியே.

"என்ன சத்தம் இது?" என்று ராகேஷ் பக்கத்தில் வந்தார். "பழைய டெஸ்ட் மெசேஜா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பவுலினே அவளைக் காப்பாற்றப் பொய் சொல்லி வைத்துவிட்டார். தாரணி போனை அவர் கையில் வைத்தாள்.

"ஆன்ட்டி நேத்துச் சொன்னது பொய் சார். மணியும் இந்த டப்பாவிலதான் சார் இருந்தது. அதை நான் பூஜையில வச்சுட்டேன். அவங்க அமுக்கினது இப்பத்தான் வருது. படிங்க."

ராகேஷ் படித்தார். முதலில் நின்றுகொண்டு படித்தார், அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குடோனில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். 11:03 என்று நாலு தடவை வந்தது, 11:04 என்று ஆறு தடவை.

"இது க்ளென் வாசல்ல நின்னு கத்தின நேரம் சார்," என்றாள் தாரணி. "பழைய மணி இருந்திருந்தா அவனுக்குக் கேட்டிருக்கும்."

ராகேஷ் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் கீழ் டிராயரைத் திறந்து மணியை எடுத்தாள். எலக்ட்ரீஷியனிடம் ஸ்க்ரூடிரைவரை வாங்கினாள், அதன் பிடியில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. குளிர் அறைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தப் பழைய ஓட்டையிலேயே முதல் ஆணியை முடுக்க ஆரம்பித்தாள். பின்னால் ராகேஷின் கையில் போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அதில் மணி இன்னும் பதினொன்றேகால்கூட ஆகவில்லை.